இண்டியனோலாவில் நின்ற வீடு

குவேரோ, டெக்சாஸ்
செப்டம்பர் 30, 1875

ஆல்வின்,

புயல் ஓய்ந்ததும் கோர்ட்டுப் படிக்கட்டில், ஊரே பார்க்க, நீ கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. வாயெல்லாம் மணலும் உப்பும். என் மகன் ஹூகோ என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். இப்போது காய்ந்த துணி உடுத்தி, யாரோ இரவல் கொடுத்த மேஜையில் உட்கார்ந்து சொல்கிறேன். கேட்டுக்கொள்.

"என் பொண்டாட்டிய சாக விட்டுட்டு உன் புள்ளயத் தூக்கிட்டு ஓடுனியா?" என்று கேட்டாய். ஓடவில்லை. இடுப்பளவு தண்ணீரில் யாரும் ஓட முடியாது. ஹூகோவைத் தோளில் போட்டுக்கொண்டு வேலிக் கட்டைகளைப் பிடித்துப் பிடித்துத்தான் கோர்ட்டுக் கட்டடம் வரை போனேன். கிளம்பும் முன் உன் ரோசீனாவைத் தொண்டை கிழியக் கூப்பிட்டேன். "வீட்ட விட்டு வெளிய வராதன்னு அவரு சொல்லிட்டுப் போயிருக்காரு அண்ணி" என்றாள்.

அதைச் சொல்லிவிட்டுப் போன பெரிய மனிதர் அப்போது எங்கே இருந்தார்? நியூ ஆர்லியன்ஸ் கப்பலின் மேல்தளத்தில். புயல் வருவதைக் காட்டும் பாரோமீட்டர் விழுந்துகொண்டே இருந்தது உனக்குத் தெரியும். வளைகுடாவில் நின்றால் கப்பல் உடையும், மணல்திட்டுகளைத் தாண்டி ஆழ்கடலுக்குக் கொண்டுபோனால் பிழைக்கும் என்றும் தெரியும். கப்பல்களுக்கு வழிகாட்டுவதுதானே உன் பிழைப்பு. வழிகாட்டினாய். கப்பல் பிழைத்தது. நீயும் பிழைத்தாய். மனைவிக்கு மட்டும் ஒரு கட்டளையை விட்டுவிட்டுப் போயிருந்தாய்.

அவளைத் தேடுவதை நிறுத்திவிட்டார்கள் என்று இங்கே வந்தவர்கள் சொன்னார்கள். மூன்று இரவாகத் தூங்கவில்லை. உன் கூச்சல் வேறு காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நான் இனி அந்தக் கடற்கரையில் கால் வைக்க மாட்டேன்.

தெக்லா


இண்டியனோலா
அக்டோபர் 12, 1875

அக்கா,

வீடு நிற்கிறது.

நீ எழுதிய அத்தனைக்கும் என் பதில் இதுதான். இடப்பக்கத்து வீடு இல்லை. வலப்பக்கத்து வீடு இல்லை. எதிரே இருந்த சாராயக்கடையின் கூரை சதுப்பு நிலத்தில் கிடக்கிறது. நம் அப்பா கட்டிய வீடு நிற்கிறது. சேறு படிந்த கோடு மாடிப்படியில் பாதி வரைதான் இருக்கிறது. மாடி அறைக்குத் தண்ணீர் ஏறவே இல்லை.

அவளோடு நீயும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தால் மூன்று பேரும் உயிரோடு இருந்திருப்பீர்கள்.

தண்ணீர் ஏறியபோது செத்தவர்கள் குறைவு என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். காற்று திடீரென்று திரும்பி, ஏறிய தண்ணீர் முழுவதும் வளைகுடாவுக்குத் திரும்ப ஓடியதே, அப்போதுதான் ஊர் போனது. தெருவில் இருந்தவர்களை அடித்துக்கொண்டு போனது. அவள் ஏன் தெருவில் இருந்தாள்? நீ போனதைப் பார்த்து உன் பின்னால் வந்திருக்கிறாள். நான் சொன்னபடி அவள் இருந்திருப்பாள். நீதான் அவள் மனசைக் கலைத்தாய்.

கப்பலைப் பற்றிப் பேசாதே. அதில் பயணிகள் இருந்தார்கள். கைக்குழந்தைகள் இருந்தன. அவர்களை விட்டுவிட்டு நான் கரைக்கு நீந்தி வந்திருக்க வேண்டுமா?

நான் இந்த வீட்டை விட்டுப் போகப் போவதில்லை. நீ ஒரு நாள் வந்து அந்தப் படிக்கட்டுக் கோட்டைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஆல்வின்


குவேரோ
மார்ச் 3, 1876

ஆல்வின்,

உன் படிக்கட்டுக் கோட்டைப் பார்க்க எனக்கு நேரமில்லை. வேறு விஷயம் பேசுகிறேன்.

இண்டியனோலா ஊரே தினமும் ரயிலில் இங்கே வந்து இறங்குகிறது. கதவு தனியாக, ஜன்னல் தனியாக, பலகைக்குப் பலகை சாக்கட்டியால் அடையாளம் போட்டு வருகிறது. போன வாரம் ஒரு முழு மருந்துக்கடை வந்தது. புத்தியுள்ளவர்கள் எல்லோரும் வீட்டைப் பிரித்துத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது கடற்பறவையும் நீயும்தான்.

நானும் ஹூகோவும் தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு வைக்கோல் கொட்டகையில் கிடக்கிறோம். மஞ்சள் காய்ச்சலில் என் கணவர் போன நாளிலிருந்து எனக்கு என்று இருந்தது அந்த வீட்டில் என் பங்கு மட்டும்தான். அப்பா வீட்டை நம் இருவருக்கும் சமமாக எழுதிவைத்தார். வடக்குப் பாதி என்னுடையது. அதைப் பிரித்து ரயிலில் ஏற்றி அனுப்பு. தெற்குப் பாதியில் நீ உட்கார்ந்துகொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிரு. எனக்கு ஆட்சேபம் இல்லை.

தெக்லா


இண்டியனோலா
மார்ச் 9, 1876

ஒரு ஆணியைக்கூடத் தொடாதே.

ஆல்வின்


இண்டியனோலா
ஜூன் 18, 1876

திருடி!

நான் துறைமுக வாயிலில் காற்றுக்காகக் காத்திருந்த நான்கே நாளில் இதைச் செய்திருக்கிறாய். படகிலிருந்து இறங்கி வருகிறேன். தூரத்திலிருந்தே என் சமையலறை அடுப்பு தெரிகிறது. தெருவிலிருந்து ஒருவன் பார்த்தால் அவன் வீட்டு அடுப்பு தெரியலாமா? ரொட்டியை அறுப்பது மாதிரி வீட்டை மேலிருந்து கீழ்வரை அறுத்திருக்கிறார்கள். என் மாடி அறையில் கட்டில் இருக்கிறது, அதன் பக்கத்தில் ஆகாயம் இருக்கிறது.

பக்கத்துக் கூடாரத்தில் இருக்கும் பாவ்மான் என்னிடம் சொல்கிறான்: "உங்க அக்கா அனுப்பிச்ச ஆளுங்கன்னாங்க. நல்ல மனுஷங்க. நாங்கதான் காபி போட்டுக் கொடுத்தோம்." அவன் சட்டையைப் பிடித்துவிட்டேன். பிறகு விட்டுவிட்டேன். அவன் என்ன செய்வான், புயலில் இரண்டு பிள்ளைகளைத் தொலைத்தவன்.

நேற்று சாப்பாட்டு அறைக்குள் ஒரு மாடு வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது. நானும் அதைப் பார்த்தேன்.

அந்தப் புயலே செய்யாத காரியத்தை என் உடன்பிறந்தவள் செய்தாள் என்று ஊர் சிரிக்கிறது. ரோசீனா நடந்த தரை, அவள் கை வைத்த சுவர். கோபத்தில் எழுத்து கோணுகிறது. கோணட்டும்.

இனி எனக்கு அக்கா இல்லை.

ஆல்வின்


குவேரோ
ஜூன் 25, 1876

ஆல்வின்,

ஒரு சுவர் கட்டிக்கொள். மாடு வராது.

என் மகன் தலைக்கு மேல் இப்போது ஒரு கூரை இருக்கிறது. அதை எப்படிக் கொண்டுவந்தேன் என்று கடவுளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். ரோசீனாவைச் சாட்சிக்கு இழுத்து நீ அங்கே ஒரு கோயில் கட்டிக்கொண்டிருந்தாய். அதில் பாதியை நான் இடித்துவிட்டேன். சந்தோஷம்தான்.

உனக்கு அக்கா இல்லையென்றால் எனக்கும் தம்பி இல்லை.

தெக்லா


குவேரோ
ஆகஸ்ட் 25, 1886

ஆல்வின்,

பத்து வருஷமாக எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். இப்போதும் பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதே.

புயல் இங்கேயும் வந்தது. கடலிலிருந்து இவ்வளவு தள்ளி வந்த பிறகும் துரத்திக்கொண்டு வந்து என் கூரையில் பாதியைப் பிய்த்துப்போட்டது. இங்கேயே இப்படியென்றால் அங்கே என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ரயில் பாதையைத் தண்ணீர் அரித்துவிட்டதாம். தந்திக் கம்பி இல்லை. வண்டியில் வந்த ஒருவன், இண்டியனோலா தீப்பிடித்து எரிந்தது, எரிந்தது போக மிச்சம் மிதந்தது என்று சொல்கிறான். வழிகாட்டி ஆல்வினைத் தெரியுமா என்று கேட்டேன். "அரை வீட்டுக்காரரா?" என்கிறான். ஆமாம் என்றேன். அதற்கு மேல் அவனுக்கு எதுவும் தெரியவில்லை.

ஹூகோ உன்னைத் தேடி வருகிறேன் என்று குதிரைக்குச் சேணம் போடுகிறான். அவனுக்கு இருபது வயதாகிறது. அவனையும் அந்தத் தண்ணீருக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை. நீ உயிரோடு இருந்துகொண்டு பதில் போடாமல் இருந்தால் நானே வந்து உன்னைக் கொல்வேன்.

தெக்லா


இண்டியனோலா
செப்டம்பர் 2, 1886

அக்கா,

உயிரோடுதான் இருக்கிறேன். வீடு போய்விட்டது. சந்தோஷப்பட்டுக்கொள்.

எப்படிப் போனது என்று கேள். புயல் அடிக்கத் தொடங்கியதும் அக்கம்பக்கத்தார் என் வீட்டுக்குத்தான் வந்தார்கள். பதினொரு வருஷமாக இந்த வீடு நின்ற கதையைக் கடைத்தெருவில், படகில், தேவாலயத்து வாசலில் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்தானே. நம்பி வந்தார்கள். இரண்டு குடும்பம், பிள்ளைகளோடு. மாடி அறையில் எல்லோரையும் உட்காரவைத்தேன். "யாரும் வெளிய போகக் கூடாது. இது நிக்கும்" என்றேன்.

சிப்பி பிடிக்கிறவன் மனைவி அகாத்தா என்று ஒருத்தி. நாக்கு நீளம். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "உங்க வீட்டம்மாகிட்டயும் இதத்தான சொன்னீங்க?"

அக்கா, எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. நீ வீட்டை அறுத்துக்கொண்டு போன அன்றுகூட அப்படி வரவில்லை. "போ! என் வீட்ட விட்டு இப்பவே போ! எல்லாரும் போங்க!" என்று கதவைத் திறந்துவிட்டேன். புயலில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்த்து அப்படிச் சொன்னேன். அவள் போனாள். அவள் பின்னால் எல்லோரும் போனார்கள். அவளைத் திட்டி முடிக்கவில்லை என்று நானும் பின்னாலேயே போனேன். "பெரிய மனுஷியா நீ? உனக்கு என்ன தெரியும்?" என்று கத்திக்கொண்டே தண்ணீரில் நடக்கிறேன். அவள் திரும்பி, "அப்பறம் திட்டுங்க, மொதல்ல இந்தப் பெரியவனப் புடிங்க" என்று ஒரு பையனை என் கையில் திணிக்கிறாள். அவனைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுப் படியில் ஏறியபோது திரும்பிப் பார்த்தேன். வீட்டைக் காணோம். சாய்ந்ததையோ உடைந்ததையோ நான் பார்க்கவில்லை. இருந்தது, பிறகு இல்லை.

ஏழு பேர் பிழைத்தார்கள். என் புத்தியால் இல்லை. நான் கோபித்துக்கொண்டதால் பிழைத்தார்கள்.

உடனே நீ ஜெயித்துவிட்டதாக நினைக்காதே. முழு வீடாக இருந்திருந்தால் நின்றிருக்கும். பாதியை அறுத்துக்கொண்டு போனவள் நீ. 

இந்த ஊர் இனி இல்லை. கப்பல்கள் இனி இங்கே வராதாம், கம்பெனியார் சொல்லிவிட்டார்கள். தபால் நிலையத்தையும் மூடப் போகிறார்கள். கால்வெஸ்டன் துறைமுகத்தில் வழிகாட்டிகள் வேண்டும் என்கிறார்கள். போகிறேன்.

ஆல்வின்


குவேரோ
செப்டம்பர் 14, 1886

ஆல்வின்,

ஒரு மணல் மேட்டில் இரண்டு தடவை முங்கி எழுந்தவன் மூன்றாவதாக இன்னொரு மணல் மேட்டைத் தேடிப் போகிறானே, அவனை என்னவென்று சொல்வது? கால்வெஸ்டன் என்பது என்ன, மலையா? அதைச் சுற்றியும் இதே தண்ணீர்தானே?

"அது பெரிய ஊரு, அதுக்கு ஒண்ணும் ஆகாது" என்று சொல்லப் போகிறாய். எனக்கு நினைவு தெரிந்த நாளில் இண்டியனோலாவைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். அப்பா நம்மை ஜெர்மனியில் பிரெமனிலிருந்து கப்பலேற்றியதே அந்தப் பேச்சைக் கேட்டுத்தான்.

இங்கே வா என்று கூப்பிடலாம் என்று பேனாவை எடுத்தேன். உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை இன்னொரு தடவை படித்தேன். கூப்பிடப் போவதில்லை. என் பாதி இங்கே இன்னும் நிற்கிறது என்பதை மட்டும் தெரிவித்துக்கொள்கிறேன். கூரையை ஹூகோ சரிசெய்துவிட்டான்.

போ. போய் மூழ்கு.

தெக்லா


கால்வெஸ்டன்
செப்டம்பர் 23, 1900

அக்கா,

உன் மூன்று தந்திகளும் இன்றுதான் மொத்தமாகக் கிடைத்தன. "உயிரோடிருந்தால் பதில் போடு மடையா" என்று ஒரு கிழவி தந்தி அடித்ததை இந்தத் தந்திக்காரன் இதுவரை பார்த்ததில்லையாம். மூன்றாவதில் மடையனைக் காணோம். அதைப் படித்துத்தான் நீ பயந்திருக்கிறாய் என்று தெரிந்துகொண்டேன்.

உயிரோடு இருக்கிறேன். புயலன்று நான் கப்பலில் இருந்தேன். ஆமாம், மறுபடியும் கப்பலில்தான். கப்பலைத் துறையில் கட்டியிருந்த கயிறுகள் ஒவ்வொன்றாக அறுந்தன. விடிந்து பார்த்தபோது, கடலில் இருக்க வேண்டிய ஒரு பெரிய சரக்குக் கப்பல் தூரத்தில் புல்வெளி நடுவே உட்கார்ந்திருந்தது. ஊர் இருக்க வேண்டிய இடத்தில் பலகைக் குவியல் இருந்தது. வீட்டு உயரத்துக்கு, கண் எட்டும் தூரம் வரை. அதற்குள்ளே ஜனங்கள்.

கை கால் நல்லபடியாக இருக்கிற ஆண்களை எல்லாம் துப்பாக்கியைக் காட்டி பிணம் தூக்கும் வேலைக்கு இழுத்தார்கள். என்னையும். வயதாகிவிட்டது என்றேன், கேட்கவில்லை. முதலில் இறந்தவர்களைப் படகில் ஏற்றிக் கடலில் போட்டார்கள். அடுத்த நாளே அலை அவர்களைத் திரும்பக் கரைக்குக் கொண்டுவந்தது. பிறகு குவியலோடு குவியலாக எரிக்கச் சொன்னார்கள். எரித்தோம். இன்னும் எரித்துக்கொண்டிருக்கிறோம். விஸ்கி கொடுத்துவிட்டுத்தான் வேலை வாங்குகிறார்கள்.

உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பெண்ணைத் தூக்கும்போதும் நான் முகத்தைப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் போனவளை இங்கே தேடுவது பைத்தியக்காரத்தனம் என்று எனக்குத் தெரியும். பார்த்தேன். சில பேர் வீட்டுக்குள்ளே இருந்தார்கள், கதவைச் சாத்திக்கொண்டு. சில பேர் தெருவில் கிடந்தார்கள், எங்கேயோ கிளம்பினவர்கள். மாடியில் இருந்தவர்கள் செத்திருக்கிறார்கள், மாடியில் இருந்தவர்கள் பிழைத்தும் இருக்கிறார்கள். என்னோடு வேலை செய்த ஒருவன் ஒரு பெண்ணைத் தூக்கிப்போட்டுக்கொண்டே, "யாரு இவளத் தனியா விட்டது?" என்று கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் மண்வெட்டியை ஓங்கிவிட்டேன். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். "என்னய்யா கேட்டுட்டேன்?" என்கிறான் அவன், பாவம். என்ன கேட்டான்? நான் உன்னைக் கேட்டதைத்தான் கேட்டான்.

அக்கா, எனக்கு ஒன்று வேண்டும். யார் தப்பு என்று கேட்கவில்லை. அது வேண்டாம். அன்று காலை நான் துறைமுகத்துக்குப் போன பிறகு அவள் என்ன செய்தாள்? என்ன உடுத்தியிருந்தாள்? அழுதாளா? நீதான் கூட இருந்தாய். இருபத்தைந்து வருஷமாக உன்னைத் திட்டியிருக்கிறேன். இதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஆல்வின்


குவேரோ
செப்டம்பர் 27, 1900

ஆல்வின்,

இதைக் கேட்க உனக்கு இத்தனை வருஷம் பிடித்ததா? என் முடியெல்லாம் நரைத்துவிட்டது, ஒரு கண்ணில் பார்வை பாதிதான். நான் செத்துத் தொலைந்திருந்தால் யாரிடம் போய்க் கேட்டிருப்பாய்? உன் கடிதத்தை மேஜையில் அறைந்து வைத்துவிட்டுத் தோட்டத்தில் போய் நின்றேன். ஹூகோவின் மனைவி வந்து, "யாரு அத்தை செத்துட்டாங்க?" என்றாள். "யாரும் சாகல, என் தம்பி இப்பதான் வாயத் தொறந்திருக்கான்" என்றேன்.

சொல்கிறேன்.

அழவில்லை. அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. சாம்பல் நிற வேலைப் பாவாடை, அதைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தாள். கால் வெறுங்கால். காலையில் உனக்காக வறுத்த மீன் அப்படியே இருந்தது. நீ கப்பல் ஆள் வந்து கூப்பிட்டதும் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாய். அதற்கே அவளுக்குக் கோபம். "மழையில நனஞ்சுகிட்டு வந்து மீனக் கழுவி வச்சு வறுத்தேன் அண்ணி, அந்த மனுஷன் திரும்பிக்கூடப் பார்க்கல" என்றாள். அந்த மீனை நாங்கள் மூவரும் நின்றபடியே சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

மத்தியானம் தண்ணீர் வாசலுக்கு வந்தது. வெளியே வராதே என்று நீ சொன்னதை அவள் என்னிடம் சொன்னது உண்மை. ஆனால் அதற்குப் பயந்து நின்றவள் இல்லை அவள். உன் குரலில், உன்னைப் போலவே கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள். ஹூகோ அந்த நடுக்கத்திலும் சிரித்துவிட்டான். "நீங்க புள்ளயோட மொதல்ல போங்க அண்ணி. நான் கோழிங்கள மேல ஏத்திட்டு வந்துர்றேன்" என்றாள். கோழி போனால் போகட்டும் என்று கத்தினேன். "வளர்த்தது நானு, நீங்க பேசாதீங்க" என்று திருப்பிக் கத்தினாள். எங்களுக்குள் அது ஒரு சண்டை. அவளிடம் நான் பேசிய கடைசிப் பேச்சு சண்டைதான், நீ தெரிந்துகொள்.

நான் கோர்ட்டு ஜன்னலில் நின்று இருட்டும்வரை தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டிய பிறகும் பார்த்தேன். அவள் எப்போது கிளம்பினாள், எங்கே போனாள், எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அதற்கு முன்னால், நான் வேலியைப் பிடித்துத் தெருவில் இறங்கியபோது அவள் மாடி ஜன்னலைத் திறந்தாள். கக்கத்தில் ஒரு கோழி, கையில் ஒரு கோழி. காற்றில் பாதிதான் காதில் விழுந்தது. "அண்ணி! கோழி எல்லாத்தையும் அவரு கட்டில்ல விட்டுட்டேன்! வீட்ட விட்டுட்டுக் கப்பலக் கட்டிக்கிட்டு அழுறவருக்கு எதுக்கு மெத்தை?" என்று கத்தினாள். முகமெல்லாம் மழை. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு, உன் மேல் அவ்வளவு கோபத்தோடு நின்றாள் அவள்.

நீ திரும்பி வந்தபோது உன் மெத்தை நாறிக்கொண்டு கிடந்திருக்குமே, ஆல்வின். அது புயல் செய்ததல்ல.

தெக்லா